பகல் அசதி – சோம்பல் என்று சொல்லாதீர்கள்!



போன இதழில் வற்றல், வடாம் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடாமைப் பற்றியே இல்லை! "அக்கா, வடாம் பிழியணும்னு ஆசைதான், ஆனா பதினோரு மணிக்கெல்லாம் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி ஆயிடுதே, என்ன செய்ய?" என்று ஒரு சகோதரி. "மத்தியானம் சாப்பிட்டால் கண் சொக்குகிறது, படுத்தால் நாலு மணிவரை எழுந்திருக்க முடியவில்லை, மாமியார் முகம் சுளிக்கிறார்" என்று இன்னொருவர். கைக்குழந்தைக்காரிகள் எழுதியதைப் படித்தால் மனசு கஷ்டப்படுகிறது. எனவே இந்த இதழில் வேறு எதுவும் வேண்டாம், இந்த அசதியைப் பற்றியே பேசிவிடுவோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பள்ளிப் படிப்போடு நிறுத்தி, இருபத்திரண்டு வருஷமாக அடுப்படியில் நிற்கிற குடும்பத் தலைவி. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து லேடி டாக்டரிடமும் நர்ஸம்மாவிடமும் துருவித் துருவிக் கேட்டதையும், புத்தகங்களில் படித்ததையும், என் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கண்ணால் கண்டதையும்தான் சொல்லப் போகிறேன்.

கடைசிப் பந்தியின் கதை

நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? கேட்கவே வேண்டாம். வீட்டுக்காரருக்குப் போட்டு, பிள்ளைகளுக்குப் போட்டு, பெரியவர்களுக்குப் போட்டு, ஒன்றரை மணிக்கு நாம் தட்டை எடுக்கும்போது பாத்திரத்தில் என்ன இருக்கும்? சாதம் இருக்கும். குழம்பில் அடி வண்டல் இருக்கும். ரசம் இருக்கும். பொரியல் வாணலியில் கறிவேப்பிலையும் கடுகும் ஒட்டிக் கொண்டிருக்கும். பருப்பும் காயும் கீரையும் முதல் இரண்டு பந்தியிலேயே போய்விடும். முட்டையோ மீனோ வாங்கிய வீட்டிலும் இதே கதைதான்.

"மிச்சம் வீணாகக் கூடாதே" என்று சாதத்தை ரசத்தில் பிசைந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிடுகிறோம். வயிறு நிறைந்துவிட்டது, ஆனால் உடம்புக்கு வேண்டியது கிடைக்கவில்லை. பகல் அசதிக்கு இரண்டு பெரிய காரணங்கள் இந்த ஒரு தட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஒன்று, வெறும் சாதம் அதிகமானதால் உடனே வருகிற தூக்கம். இன்னொன்று, காயும் பருப்பும் வருஷக்கணக்கில் குறைந்ததால் மெதுவாக வருகிற ரத்தசோகை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

சாப்பிட்டதும் ஏன் தூக்கம்?

மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் கொஞ்சம் மந்தமாக இருப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். நம் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் அந்த நேரத்தில் இயற்கையாகவே கொஞ்சம் இறங்குகிறது. சாப்பிடாமல் இருந்தாலும் அந்த மந்தம் ஓரளவு வரும். ஆகவே அந்த நேரத்தில் கண் அசந்தால் உங்களைச் சோம்பேறி என்று நீங்களே திட்டிக் கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்த இறக்கத்தைப் பள்ளமாக்குவது நம் தட்டு. வெள்ளை அரிசிச் சாதம் சீக்கிரம் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேர்கிறது. அதை இறக்குவதற்கு உடம்பு இன்சுலினைச் சுரக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் உடம்பு தளர்ந்து, தலை கனத்து, கண் சொக்குகிறது. "சாப்பிட்டதும் மூளைக்குப் போகிற ரத்தமெல்லாம் வயிற்றுக்கு இறங்கிவிடும், அதனால்தான் தூக்கம்" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. மூளை தனக்கு வேண்டிய ரத்தத்தை விட்டுக் கொடுப்பதில்லை.

இதற்கு வழி? சாதத்தையே நிறுத்தச் சொல்லவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்துவிட்டு நான் அப்படிச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஒரு கரண்டி சாதத்தைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கரண்டி கூட்டோ பொரியலோ பருப்போ வையுங்கள். சாப்பிடும்போது முதலில் காயில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சாதத்தில் கை வையுங்கள். காயும் பருப்பும் முன்னால் போனால் சாதம் சர்க்கரையாவது நிதானப்படும். சாப்பிட்டதும் படுக்காமல் பத்து நிமிஷம் நடந்தால் இன்னும் நல்லது. கொடியில் துணி எடுப்பது, மொட்டை மாடியில் நடப்பது, எதுவானாலும் சரி.

படுக்கத்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் படுங்கள், ஆனால் பதினைந்து, இருபது நிமிஷம் போதும். அதற்குமேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவோம். நடுவில் எழுந்தால் தலை பாரமாகி, சாயங்காலம் முழுவதும் எரிச்சலாக இருக்கும். ராத்திரி சரியாகத் தூங்காத கைக்குழந்தைக்காரிகளுக்கு இந்தக் கணக்கு இல்லை. குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள், பாத்திரம் காத்திருக்கும்.

மூன்று வீடு தள்ளி ஒரு மருமகள்

இப்போது ரத்தசோகைக்கு வருகிறேன். இதை ஒரு கதையாகச் சொன்னால்தான் மனசில் பதியும்.

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு மருமகள். இருபத்தாறு வயது. எட்டு மாதக் குழந்தை. மாமியாரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து பெரியம்மா பொரிந்து தள்ளிவிட்டார்கள்.

"என்னம்மா சொல்றது! பத்து மணிக்கே சுவத்துல சாஞ்சு உக்காந்துடுறா. ரெண்டு குடம் தண்ணி எடுத்தா மூச்சு வாங்குதுங்குறா. நாங்கள்லாம் அஞ்சு பெத்துப்புட்டு வயலுக்கும் போயிட்டு வரல? பேசாம அவ அம்மா வீட்டுக்கே அனுப்பிடலாம்னு என் மகன்கிட்ட சொல்லிட்டேன்."

உள்ளே அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டு தலை குனிந்து நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். நகமெல்லாம் வெளுத்திருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை. "பெரியம்மா, நாளைக்கு ஒரு நாள் இவளை என்கூட அனுப்புங்க, ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடுவோம்" என்றேன். முணுமுணுத்துக் கொண்டே சம்மதித்தார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. இவளுக்கு 8.2! டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "இந்த ரத்தத்தை வெச்சுக்கிட்டு நீ இவ்வளவு வேலை செய்யறதே பெரிசு" என்றார். அந்தப் பெண் அங்கேயே அழுதுவிட்டாள். எட்டு மாதத்தில் அவளைச் சோம்பேறி என்று சொல்லாத முதல் ஆள் அந்த டாக்டர்தான்.

ஹீமோகுளோபின் என்ன செய்கிறது?

நாம் மூச்சில் இழுக்கிற பிராணவாயுவைச் சுமந்து கொண்டு உடம்பெல்லாம் கொடுப்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அதைத் தயாரிக்க இரும்புச்சத்து வேண்டும். இரும்பு குறைந்தால் வண்டி குறைந்த மாதிரி. இருக்கிற வண்டியை வைத்து இதயம் வேகவேகமாக ஓட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் மாடிப்படி ஏறினால் படபடப்பு, குனிந்து நிமிர்ந்தால் தலைசுற்றல், எந்நேரமும் அசதி.

இது எங்கோ ஒருத்திக்கு வருகிற நோய் என்று நினைக்காதீர்கள். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். அதாவது நம் தெருவில் இரண்டு பெண்கள் நின்று பேசினால் அதில் ஒருத்திக்கு இருக்கிறது! மாதாமாதம் போகிற ரத்தம், பிரசவம், பால் கொடுப்பது, வயிற்றில் பூச்சி, இத்தனைக்கும் மேல் அந்தக் கடைசிப் பந்தித் தட்டு. ஏன் வராது?

அந்தப் பெண்ணின் வீட்டிற்கே மறுபடி வருவோம். பிரசவத்தின்போது கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் அலமாரியில் அப்படியே இருந்தன. "வெளிக்குக் கறுப்பாப் போகுதுக்கா, வயித்தைப் பிசையுது. சூடுன்னு அத்தையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றாள். சகோதரிகளே, இதை நன்றாகக் கேட்டுக் கொள்ளுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் வெளிக்குக் கறுப்பாகப் போவது சகஜம், பயப்பட வேண்டாம். வயிறு பிசைந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு, ராத்திரி படுக்கப் போகுமுன் சாப்பிட்டுப் பாருங்கள். அப்படியும் ஒத்துக் கொள்ளாவிட்டால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கேளுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையைக் காப்பி, டீ, பாலோடு விழுங்காமல், தண்ணீரோடோ எலுமிச்சைச் சாற்றோடோ விழுங்குங்கள். கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் சாப்பிடாமல் வேறு வேறு வேளைக்கு வைத்துக் கொள்ளுங்கள். அரசாங்கத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு 180 நாளும், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாளும் இந்த மாத்திரையை இலவசமாகத் தருகிறார்கள். இரண்டாவது 180 நாளைத்தான் நம் பெண்கள் கோட்டை விடுகிறார்கள்.

டாக்டர் சொன்ன அளவில் அந்தப் பெண் சாப்பிட்டு வந்தாள். பூச்சி மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் 9.6. மூன்றாவது மாதம் 11.7. மாத்திரையை அதோடு நிறுத்தவில்லை, உடம்பில் இரும்பு சேமிப்பு ஏறுவதற்காக இன்னும் மூன்று மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மாதம் ஆனதும் மருமகள் முகத்தில் தெளிவு வருவதைப் பார்த்து, பெரியம்மாவே என்னிடம் மெதுவாக, "ஏம்மா, எனக்கும் அந்த டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா? எனக்கும் மாடிப்படி ஏறினா நெஞ்சு அடிச்சுக்குது" என்றார்கள். எடுத்தோம். அவர்களுக்கு 9.8! திரும்பி வருகிற வழியில் பெரியம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பொம்பளைன்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டே அம்பது வருஷத்தை ஓட்டிட்டேம்மா" என்றார்கள். வயலுக்குப் போய் வந்த காலத்திலும் மூச்சு வாங்கத்தான் செய்திருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மாமியாரும் மருமகளும் ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து மாத்திரை போட்டுக் கொள்கிறார்கள். அம்மா வீட்டுக்கு அனுப்புகிற பேச்சு நின்றுவிட்டது.

சாப்பாட்டில் என்ன சேர்க்கலாம்?

இரும்பு இவ்வளவு இறங்கிய பிறகு சாப்பாடு மட்டுமே அதைத் தூக்கிவிடாது, மாத்திரை வேண்டும். ஆனால் இறங்காமல் காப்பதும், ஏறியதை நிறுத்துவதும் சாப்பாடுதான்.

நூறு கிராம் தீட்டிய பச்சரிசியில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அதே நூறு கிராம் கம்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேல். கேழ்வரகில் நாலரை மில்லிகிராமுக்கு மேல். வாரத்தில் மூன்று நாள் கம்பு தோசை, கேழ்வரகு அடை, கூழ் என்று மாற்றினால் போதும். முருங்கைக்கீரை, தட்டைப் பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, எள், வேர்க்கடலை எல்லாமே நல்லவை, விலையும் மலிவு. பயறை முளைகட்டினாலும், மாவைப் புளிக்க வைத்தாலும் அதிலுள்ள இரும்பு உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். நம் பாட்டிமார்கள் இட்லி மாவைப் புளிக்க வைத்தது ருசிக்கு மட்டுமல்ல! அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டிறைச்சி, ஈரல், மீன் இவற்றில் உள்ள இரும்பு சுலபமாகச் சேர்ந்துவிடும்.

தானியம், கீரையில் உள்ள இரும்பு சேர வேண்டுமானால் புளிப்புள்ள துணை ஒன்று வேண்டும். அது வைட்டமின் சி. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, தக்காளி ஆகியவற்றில் இருக்கிறது. கீரையை இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் சத்து வீணாகிவிடும். நான்-ஸ்டிக் வந்த பிறகு பரணில் ஏற்றிய இருப்புச் சட்டியையும் தோசைக்கல்லையும் இறக்குங்கள். அதில் சமைத்தால் கொஞ்சம் இரும்பு சாப்பாட்டிலும் இறங்கும்.

"பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறும், சிவப்பாக இருக்கிறதே" என்று நினைக்காதீர்கள். அந்தச் சிவப்பு இரும்பினால் வந்ததல்ல. இரண்டு பேரீச்சம்பழமும் வாய்க்கு இனிப்புதான், ரத்தசோகைக்கு மருந்து ஆகாது. டப்பாவில் வருகிற சத்து பானங்களை வாங்குமுன் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, சர்க்கரை எவ்வளவு என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

காப்பியை என்ன செய்வது?

"காப்பியை மட்டும் விடச் சொல்லாதீங்க அக்கா!" என்பீர்கள். விட வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும்.

காப்பி புது சக்தியைக் கொடுப்பதில்லை. அதிலுள்ள கஃபீன், "களைத்துவிட்டேன்" என்று உடம்பு மூளைக்கு அனுப்புகிற சேதியைக் கொஞ்ச நேரம் மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். கஃபீனில் பாதி உடம்பைவிட்டு இறங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்தால் ராத்திரி பதினொரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். தூக்கம் கெட்டு, மறுநாள் அசதி, அதற்கு இன்னொரு காப்பி!

சாப்பாட்டோடு காப்பி, டீ குடித்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. அவற்றிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக் கொண்டு உடம்பில் சேரவிடாது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, டீ வேண்டாம் என்றும், ஒரு நாளைக்குக் கஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். 150 மில்லி டம்ளர் டிகாக்ஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும். கணக்கைப் போட்டுக் கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இன்னும் குறைத்துக் கொள்வது நல்லது.

அந்த நிறுவனத்தின் பூர்வ கதையும் நமக்குச் சம்பந்தப்பட்டதுதான். 1918-இல் நம் குன்னூரில், பெரிபெரி என்ற நோயை ஆராய ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் தொடங்கிய சின்ன ஆராய்ச்சி நிலையம் அது. 1958-இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. பெரிபெரி வந்தால் கால் தளர்ந்து, கை ஓய்ந்து, மனிதன் சோர்ந்து விழுவான். காரணம், அரிசியைப் பளபளவென்று தீட்டித் தவிட்டோடு வைட்டமின் பி1-ஐயும் தூக்கி எறிந்ததுதான்! நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி பச்சரிசியைவிட மேல். அரிசியை ஐந்தாறு தண்ணீர் களைந்தாலும், வடித்த கஞ்சியைக் கொட்டினாலும் சத்து தண்ணீரோடு போய்விடும். இரண்டு தண்ணீர் களைந்தால் போதும். வடிகஞ்சியில் உப்பும் மோரும் விட்டுக் குடித்துப் பாருங்கள்.

காலை டிபனைத் தள்ளாதீர்கள்

ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டு, மறுநாள் பள்ளி வேன், ஆபீஸ் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பதினொரு மணிக்கு டிபன் சாப்பிட்டால் பதினாலரை மணி நேரப் பட்டினி! நடுவில் வெறும் வயிற்றில் இரண்டு சர்க்கரைக் காப்பி. பதினொரு மணிக்குக் கை நடுங்காமல் என்ன செய்யும்?

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்றுதான் தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைக்கு உள்ள நியாயம் தாய்க்கும் உண்டு. எட்டு மணிக்குள் மூன்று இட்லியோ, மோர் விட்டுக் கரைத்த பழைய சாதமும் சின்ன வெங்காயமுமோ, ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிடுங்கள். நின்று கொண்டே சாப்பிட்டாலும் சரி.

தண்ணீரையும் மறக்காதீர்கள். அடுப்பு வெக்கையில் வியர்த்துக் கொட்டும், குடிப்பதோ அரை டம்ளர். தலைவலிக்கும் அசதிக்கும் பல சமயம் அதுதான் காரணம். பால் கொடுக்கிற தாய்மாருக்கு, "தண்ணி குடிச்சா குழந்தைக்குச் சளி பிடிக்கும்" என்று தண்ணீரைக் குறைப்பதும், பத்தியம் என்று பருப்பு, கீரை, பழத்தை மாதக்கணக்கில் நிறுத்துவதும் வேண்டாம். பூண்டும் லேகியமும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பால் கொடுப்பவளுக்கு முன்னைவிட அதிகச் சாப்பாடு வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுப்பவர்களும் முழுப்பட்டினி விரதம் இருக்க வேண்டாம். சுவாமி கோபித்துக் கொள்ள மாட்டார்.

ஒரு நாள் சாப்பாடு – என் வீட்டுக் கணக்கு

காலை 5.30: ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு காப்பி.

7.45: இட்லி அல்லது கேழ்வரகு தோசை, சாம்பார். டிபனோடு காப்பி கிடையாது.

10.30: நீர்மோர், ஒரு கைப்பிடி வேர்க்கடலை அல்லது ஒரு கொய்யா.

1 மணி: முதலில் காய், பிறகு பருப்போடு சாதம், நெல்லிக்காய்ப் பச்சடி. பத்து நிமிஷ நடை.

3.30: அன்றைக்குக் கடைசிக் காப்பி.

5.30: சுண்டல் அல்லது முளைகட்டிய பயறு.

8 மணி: ராத்திரிச் சாப்பாடு, வயிற்றில் கொஞ்சம் இடம் விட்டு.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எல்லா அசதியும் சாப்பாட்டினால் வருவதில்லை. உடம்பு பருத்து, முடி கொட்டி, மலச்சிக்கலும் குளிரும் இருந்தால் தைராய்டாக இருக்கலாம். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரையாக இருக்கலாம். 2023-இல் வெளிவந்த ஆராய்ச்சிப்படி நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. கை கால் மரத்துப் போய், நாக்கு வழவழவென்று எரிந்தால் வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம். இது தாவர உணவில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. ஆகவே சுத்த சைவக்காரர்கள் தயிரையும் மோரையும் விடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் இருந்தாலும், மாதவிலக்கு அளவுக்கு மீறிப் போனாலும் காத்திருக்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு எதிலும் மனம் ஒட்டாமல், காரணமில்லாமல் அழுகை வந்து கொண்டே இருந்தால் அதுவும் மருந்துள்ள நோய்தான், திமிர் அல்ல.

சாப்பாட்டைச் சீராக்கி இரண்டு, மூன்று வாரம் ஆகியும் அசதி விடவில்லை என்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். மூச்சு வாங்கலும் படபடப்பும் இருந்தால் அந்த மூன்று வாரமும் வேண்டாம், நாளைக்கே போங்கள்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், இன்றைக்கே செய்யுங்கள். பந்தி போடுமுன் ஒரு சின்னக் கிண்ணத்தில் கூட்டையும், இன்னொன்றில் கீரையையும் எடுத்து மூடி, "இது அம்மாவுக்கு" என்று தனியாக வைத்துவிடுங்கள். முதல் நாள் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள், வீட்டுக்காரர் சிரிப்பார். நாலு நாள் போனால் பழகிவிடும். அதைப் பார்த்து வளர்கிற பெண் பிள்ளை நாளைக்குப் போகிற வீட்டிலும் தன் பங்கை எடுத்து வைப்பாள். ஆண் பிள்ளையோ தன் மனைவிக்கு எடுத்து வைப்பான்.

அடுத்த இதழில், பள்ளிக்கூட டிபன் டப்பா சாப்பிடாமல் அப்படியே திரும்பி வந்தால் என்ன செய்யலாம் என்று பேசுவோம். உங்கள் வீட்டு யோசனைகளையும் எழுதி அனுப்புங்கள். வரட்டுமா?